எங்கே போய்ப் படுப்பது?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில், சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, நான் மேடையேறிப் பழக்கப்பட்டவளல்ல என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளப் பார்த்தேன். “முப்பது வருஷம் வார்டில் நின்று எத்தனை பேரை அதட்டியிருப்பீர்கள், இங்கே வந்து நாலு வார்த்தை பேசுவதற்கென்ன?” என்று சங்கத்துத் தோழர்கள் கேட்டுவிட்டார்கள். (சிரிப்பு) ஆகவே வந்து நிற்கிறேன்.

நோயாளிகளைப் பராமரிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அது பெரிய விஷயம். அதில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீடு வாசல் இல்லாதவனுக்கு நோய் வந்தால் என்ன ஆகிறது? அவனை யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்க வேண்டும்? இதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரிக்கு விவசாயத் தொழிலாளி ஒருவர் வந்து சேர்ந்தார். அறுப்பு வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர். காலில் புண். சர்க்கரை வியாதியும் இருந்தது. செத்த சதையை அகற்றி, தினமும் கட்டுக் கட்டி, பன்னிரண்டாம் நாள் புண் சிவந்து, நல்ல சதை வளர ஆரம்பித்தது. படுக்கைக்கு வெளியே ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதினார். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆறு வாரம் ஓய்வு. கட்டு நனையக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். அந்தச் சீட்டை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். படித்தும் காட்டினேன். “சரிம்மா” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான்காம் நாள் சாயங்காலம் நல்ல மழை. வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தின் நடுவே, தூணில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருக்கிறார். கட்டு முழுக்கச் சேறு. “ஏன் வீட்டுக்குப் போகவில்லை?” என்று, வார்டில் அதட்டுகிற அதே குரலில் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “வீடு இருந்தாப் போகமாட்டனாம்மா?” என்றார்.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அவருக்கு விலாசம் இருந்தது. அது அவர் பிறந்த ஊரின் பெயர். அங்கே அவருக்கு ஒரு குடிசைகூடக் கிடையாது.

தோழர்களே, அந்தச் சீட்டில் எழுதியிருந்த வைத்தியத்தில் ஒரு தப்பும் இல்லை. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டை எதிர்பார்த்தது, அவ்வளவுதான். காலைத் தூக்கி வைக்க ஒரு கட்டில் வேண்டும், பாய் தலையணையாவது வேண்டும். கட்டு நனையாமலிருக்க ஒரு கூரை வேண்டும். ஓய்வு எடுக்கிற ஆறு வாரமும் கஞ்சி ஊற்ற ஒரு ஆள் வேண்டும். எங்கள் வைத்தியம் முழுவதையும் இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தீர்களானால் ஆச்சரியப்படுவீர்கள். இருதயம் பலவீனமானவருக்கு நீர் பிரியும் மாத்திரை கொடுக்கிறோம். அதைச் சாப்பிட்டால் மணிக்கொரு தடவை ஒண்ணுக்குப் போக வேண்டும். தெருவில் இருக்கிறவர், அதிலும் பெண்ணாக இருந்தால், எங்கே போவார்? மாத்திரையைச் சாப்பிடாமல் மடியில் முடிந்து வைத்துக்கொள்வார். கால் வீங்கும், மூச்சு முட்டும், திரும்பவும் வருவார். “சொன்னபடி மாத்திரை சாப்பிடுவதில்லை” என்று சீட்டில் எழுதுவோம். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் எழுதுகிறோம். அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும், ஊசியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் எதைப் பத்திரமாக வைக்க முடியும்? தலைக்கு வைத்துப் படுத்த செருப்பே காலையில் இருப்பதில்லை.

இங்கே இருக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1948-ம் வருஷத்துச் சட்டத்தில் உருவான ஈ.எஸ்.ஐ. திட்டத்தினால், நோய் வந்தால் வருஷத்தில் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவிகிதம் உங்களுக்கு உண்டு. “படுத்து எழுந்திருக்க” அவகாசம் என்பது அதுதான். இதோ முன்வரிசையில் இருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லை. படுத்தால் அன்றைய கூலி போச்சு. வீடும் இல்லாத ஒருவருக்கு எதுவுமே இல்லை. படுப்பதற்கு இடமே இல்லை.

பாஸ்டன் நகரத்து நர்சுகள்

இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது, நான் போயே இராத ஒரு தூர தேசத்து ஊரின் கதை. அமெரிக்காவிலே பாஸ்டன் என்று ஒரு நகரம். ஆஸ்பத்திரிகளுக்குப் பேர் போனது. 1846-ல் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் ஆபரேஷன் செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய மாஸசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. அவ்வளவு பெரிய வைத்தியம் இருக்கிற ஊரில், ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே, பனியில் ஜனங்கள் படுத்துக் கிடந்தார்கள். கூலிக்காரர்கள் தங்குகிற மலிவான வாடகை அறைகள் இடிக்கப்பட்டு, மனநோய் ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டு, அங்கிருந்தவர்களுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்யாமல் விட்டதன் பலன்.

1969-ல் அங்கே பைன் ஸ்ட்ரீட் இன் என்று ஒரு ராத்தங்கல் விடுதி ஆரம்பமாயிற்று. 1972-ல் நகர ஆஸ்பத்திரியைச் சேர்ந்த நர்சுகள் சிலர், தங்கள் வேலை நேரம் போக மீதி நேரத்தில், சம்பளம் வாங்காமல் அந்த விடுதிக்குள் ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார்கள். டாக்டர்கள் நடத்தியதல்ல, நர்சுகளே நடத்தியது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பத் திரும்ப வருகிற அதே ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்கப் போனவர்கள் அவர்கள்.

போய் என்ன செய்தார்கள்? காலைக் கழுவினார்கள்.

ஆமாம் தோழர்களே, காலைத்தான். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கொஞ்சம் புண்ணுக்கான மருந்து. வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, இவர்கள் தரையில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்து அதில் ஊற வைப்பார்கள்.

ஏன் கால்? நடவு நடுகிற அம்மாக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க ஈரத்தில் நின்றால் விரலிடுக்கு என்ன ஆகிறது என்று சேற்றுப்புண் பட்டவர்களுக்குத் தெரியும். ரிங் பிரேம் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களுக்குக் கால் கனத்து, நரம்பு சுருட்டிக்கொள்வது தெரியும். பாஸ்டனில் தெருவில் வாழ்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து வருகிறது, கூடவே பனியும். விடுதியில் ராத்திரிதான் இடம், காலையில் வெளியேற வேண்டும். அப்புறம் சாப்பாடு போடுகிற இடத்துக்கு நடை, ராத்திரி இடம் பிடிக்கத் திரும்பவும் நடை. இடம் கிடைக்காதவர்கள் நாற்காலியிலோ பெஞ்சிலோ உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். படுக்காத உடம்பில் ரத்தம் காலுக்கே இறங்கி வீங்குகிறது, தோல் வெடிக்கிறது, சீழ் பிடிக்கிறது. நனைந்த காலுறையும் பூட்ஸும் நாட்கணக்கில் கழற்றப்படுவதில்லை; கழற்றி வைத்தால் களவு போய்விடும். அப்படி ஊறிய கால், தண்ணீர் உறையாத குளிரிலும் மரத்து அழுகத் தொடங்கும். முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழிகளில் நின்ற சிப்பாய்களுக்கு வந்த நோய் இது. யுத்தமே நடக்காத ஊரில், கடைவீதியில் இருப்பவர்களுக்கு வந்தது.

கால் ஊறுகிற அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதுதான் நர்சின் வைத்தியசாலை. அந்த நேரத்தில் இருமல் எப்படி இருக்கிறது என்று காது கேட்கும். கையில் நடுக்கம் இருக்கிறதா, கண் மஞ்சளித்திருக்கிறதா, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று கண் பார்க்கும். கேள்வி எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் எப்போதும் நாங்கள் நின்றுகொண்டிருப்போம், நோயாளி கீழே கிடப்பார். இங்கே அவர் உட்கார்ந்திருக்கிறார், நர்ஸ் அவர் காலடியில் இருக்கிறாள். நான் முப்பது வருஷம் அதட்டியவள், அதனால் சொல்கிறேன்: அந்த ஒரு மாற்றத்திலேயே பாதி பேச்சு தானாக வரும்.

டாக்டர் கற்றுக்கொண்ட பாடம்

1985-ல் பாஸ்டன் உள்ளிட்ட 19 நகரங்களில், வீடற்றவர்களுக்கு வைத்தியம் செய்ய ஒரு திட்டம் தொடங்கியது. பாஸ்டனில் அதற்கு வந்த டாக்டர் ஜிம் ஓகானல். மாஸசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்தவர். புற்றுநோய் வைத்தியம் படிக்க நியூயார்க் போக இருந்தவர். ஒரே ஒரு வருஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்.

பைன் ஸ்ட்ரீட் விடுதியில் பார்பரா மெக்கின்னிஸ் என்ற நர்ஸ் இருந்தார். காசநோய்ப் பிரிவு நர்ஸ். அந்த அம்மாள் டாக்டரைப் பார்த்து, ஸ்டெதஸ்கோப்பைப் பையில் போடு, முதலில் கால் கழுவு என்று சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் படித்த டாக்டர், வாரக்கணக்கில் உட்கார்ந்து கால் கழுவினார். அவரே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. மனநோய் உள்ள ஒரு கிழவர். ஆஸ்பத்திரியில் எந்த வைத்தியத்துக்கும் இணங்காதவர். கால்கள் பயங்கரமாக வீங்கியவர். அவர் காலை இவர் நாள் தவறாமல் கழுவுகிறார். கிழவர் வாயே திறப்பதில்லை. பல வாரங்கள் கழித்து ஒருநாள், நீ டாக்டர் என்றல்லவா நினைத்தேன், இங்கே உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டு என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். அதற்குப் பின்னால்தான், தூக்கம் வருவதில்லை, ஏதாவது மருந்து கொடு என்று அவர் வாயிலிருந்து வருகிறது. ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் நடக்காதது அப்போது நடந்தது.

ஒரு வருஷத்துக்கென்று வந்த டாக்டர் பல பத்து வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். ராத்திரியில் சூப்பும் கம்பளியும் காலுறையும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற வண்டியிலும் போனார். காலுறை கொடுக்கிறபோதுதான் மூஞ்சி மலரும் என்கிறார்கள். காலுறை ஒரு மருந்து என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? (சிரிப்பு)

சென்னையில் கண்டுபிடித்தது, பாஸ்டனில் நின்றுபோனது

மெக்கின்னிஸ் காசநோய் நர்ஸ் என்று சொன்னேனல்லவா? இங்கே நம்முடைய ஊர் வருகிறது. 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆரம்பித்தார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் தலைமையில், நெருக்கடியான ஏழைக் குடிசைகளில் வாழ்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப்பேரைச் சானடோரியத்தில் வைத்தும், பாதிப்பேரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொல்லியும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல காற்று, ஓய்வு. வீட்டில் பட்டினி, புகை, நெருக்கடி. 1959-ல் முடிவு வெளிவந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமாகிறார்கள், கூட இருக்கிறவர்களுக்கு அதனால் அதிகமாக நோய் தொற்றவும் இல்லை! உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் இதனால் மாறியது. வருஷக்கணக்கில் குடும்பத்தை விட்டுப் போய்க் கிடக்க வேண்டியதில்லை என்றாயிற்று. சென்னைக் குடிசைவாசிகள் உலகத்துக்குக் கொடுத்த கொடை அது. நான் பயிற்சியில் இருந்தபோது எங்களுக்கு இதைப் பெருமையோடு சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தக் குடிசைக்குக்கூட ஒரு கதவு இருந்தது. நர்ஸ் போய்த் தட்டினால் திறக்க ஒருவர் இருந்தார். கதவே இல்லாதவருக்கு மாத்திரையை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

1984-85-ல் பாஸ்டன் விடுதிகளில் காசநோய் பரவியது. ஐசோனியாசிட், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய இரண்டு மருந்துக்கும் கட்டுப்படாத கிருமி. வரிசை வரிசையாக அடுத்தடுத்துப் படுத்தவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கினார்கள். முன்பே காசநோய் வந்து ஆறியவர்களுக்கும் புதிதாகத் தொற்றியது. மாதக்கணக்கில் தினமும் மருந்து சாப்பிட வேண்டியவர் இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ. நோயாளி வந்துபோகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்த, அவர்கள் முகமும் பேரும் தெரிந்த நர்சுகள் இருந்ததால்தான் மருந்து தொண்டைக்குள் போயிற்று.

தர்மம் வேண்டாம் என்றவர்கள்

இன்னொரு விஷயம் உங்கள் காதுக்கு இனிமையாக இருக்கும். அந்தத் திட்டம் ஆரம்பித்தபோது, விடுதிக்காரர்களும், நர்சுகளும், வீடற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்து நிபந்தனை போட்டார்கள். எங்களுக்குத் தர்ம வைத்தியம் வேண்டாம். இது நியாயம் சம்பந்தப்பட்டது. இஷ்டப்பட்டால் வந்துபோகிற இலவச டாக்டர்கள் வேண்டாம். சம்பளம் வாங்கிக்கொண்டு நாள்தோறும் வருகிற, எங்களை விட்டுப் போகாத டாக்டர்கள் வேண்டும். எங்களை வைத்துப் படிக்கவும் ஆராய்ச்சி செய்யவும் வராதீர்கள். வியாதியோடு தெருவில் கிடக்காமல், தேறும்வரை படுத்திருக்க எங்களுக்குப் படுக்கை வேண்டும்.

1972-ல் சம்பளமில்லாமல் தொடங்கிய நர்சுகளும் அங்கே இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வந்துபோனவர்களல்ல. இலவசமாகச் செய்ததை உரிமையாக ஆக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. பெரிய மனுஷர்கள் வருஷத்துக்கொரு நாள் முகாம் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவதை நானும் பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்த ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்ததும் யாரிடம் போவது என்று அந்தப் போட்டோவில் இருப்பவருக்குத் தெரியாது.

கேட்டது கிடைத்தது. 1985-லேயே ஷாட்டக் என்ற விடுதியில் 25 படுக்கைகள் ஒதுக்கினார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிற அளவுக்கு நோய் இல்லை, தெருவில் விடுகிற அளவுக்கு உடம்பு தேறவும் இல்லை என்கிறவர்களுக்காக. காலொடிந்தவர், நிமோனியா வந்து பிழைத்தவர், ஆபரேஷன் முடிந்தவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர். அங்கே நர்ஸ் உண்டு, சாப்பாடு உண்டு, பகலிலும் படுத்திருக்கலாம். பகலிலும் படுத்திருக்கலாம் என்பதுதான் அங்கே முக்கியமான மருந்து. 1993-ல் தனிக்கட்டடம் கிடைத்தது. அதற்கு எந்தச் சீமான் பெயரையும் வைக்கவில்லை. பார்பரா மெக்கின்னிஸ் இல்லம் என்று அந்த நர்சின் பெயரை, அவர் உயிரோடிருக்கும்போதே வைத்தார்கள். 2003-ல் அவர் காலமானார். 2008-ல் அந்த இல்லம் 104 படுக்கைகளோடு வேறு இடத்துக்கு மாறியது. எந்த இடம் தெரியுமா? முன்பு நகரத்துப் பிணவறை இருந்த கட்டடம். அனாதைப் பிணங்களாக வந்து சேர்ந்த அதே வாசல் வழியாக, இப்போது உயிரோடு வந்து படுக்கிறார்கள்.

செலவாகுமே என்று கேட்பார்கள். கணக்கும் இருக்கிறது. 2009-ல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், ஆஸ்பத்திரியிலிருந்து இந்த இல்லத்துக்குப் போனவர்கள் 90 நாளுக்குள் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு, தெருவுக்கும் ராத்தங்கல் விடுதிக்கும் போனவர்களைவிட ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. இந்தப் படுக்கைக்கு ஆகும் செலவு ஆஸ்பத்திரிப் படுக்கைச் செலவில் ஒரு பங்குதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் உங்களை ஏமாற்றமாட்டேன். 1988 முதல் 1993 வரை அந்தத் திட்டத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்ட பதினேழாயிரம் பேரைப் பற்றிக் கணக்கெடுத்தபோது, இறந்தவர்களின் சராசரி வயது 47 என்று தெரிந்தது. நாற்பத்தேழு! 2018-ல் வெளியான இன்னொரு கணக்கில், விடுதிக்கும் வராமல் தெருவிலேயே படுத்தவர்களின் மரண விகிதம், அந்த மாகாணத்து ஜனங்களைப்போல் சுமார் 10 மடங்கு இருந்தது. இத்தனை நல்ல நர்சுகளும் டாக்டர்களும் இருந்தும்! காலைக் கழுவலாம், கட்டுக் கட்டலாம், மருந்து ஊட்டலாம். வீடு இல்லாததை நர்ஸ் தன் கையால் குணப்படுத்த முடியாது. வாடகையையும் கூலியையும் யார் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

நம் நாட்டில் 2011 ஜனத்தொகைக் கணக்கில் வீடற்றவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் 17 லட்சத்துக்கு மேல். இருட்டில் டார்ச் அடித்து எண்ணிய கணக்கு. விட்டுப்போனவர்கள் எத்தனையோ.

பஸ் ஸ்டாண்டில் பார்த்த அந்த மனிதரிடம் திரும்ப வருகிறேன். அன்றைக்கு டீக்கடையில் வெந்நீர் வாங்கி, என் புடவைத் தலைப்பை நனைத்துக் காலைத் துடைத்துவிட்டேன். மறுநாள் பையில் பஞ்சும் துணியும் எடுத்துப்போய்க் கட்டு மாற்றினேன். அதற்கு மறுநாளும் இருந்தார். அதற்கப்புறம் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடைக்காரரைக் கேட்டேன், தெரியாது என்றார். நான் பல தடவை தேடினேன், கிடைக்கவில்லை.

அதன் பிறகு, சீட்டைக் கொடுக்கும்போது யாரிடமும் நான் விலாசம் கேட்பதை நிறுத்திவிட்டேன். “இன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள்?” என்று கேட்பேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. மார்ஜினில் பென்சிலால் எழுதுவேன். எழுதியதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுவேன். இரண்டு நாள் கூட இருக்கட்டும் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். வராந்தாவில் பாயைப் போட்டுக் காத்திருக்கிற ஜுரக்காரர்களைக் காட்டி, நான் என்னம்மா செய்வது என்று சிலர் கேட்பார்கள்; அதுவும் நியாயமான கேள்விதான். நான் ஓய்வு பெற்ற வாரத்தில் கடைசியாகக் கேட்டது ஓர் அம்மாளை. கர்ப்பப்பை எடுத்து எட்டு நாள் ஆகியிருந்தது. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. செங்கல் சூளையில் வேலை. எங்கே படுப்பீர்கள் என்று கேட்டதற்கு, “சூளையிலதான், கல்லு அடுக்கின பக்கம் ஒதுக்குப்புறமா இருக்கும்” என்றார். அப்படியே எழுதினேன்.